கடற்பாசிச் சாறும் கன உலோக மண்ணும்

கடற்பாசிச் சாறு என்பது கடலில் வளரும் பெரும்பாசிகளைப் பிழிந்தோ நீரில் வேகவைத்து வடிகட்டியோ எடுக்கப்படும் பயிர் ஊக்கி. காட்மியம், ஈயம், குரோமியம், ஆர்செனிக் முதலியவை கலந்த மண்ணில் பயிர் படும் பாட்டைக் குறைக்க இது உதவுமா என்பது பல நாடுகளில் ஆராயப்படுகிறது. முளைப்பு, வேர் நீளம், இலையின் பச்சையம் ஆகியவற்றில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் மண்ணில் சேர்ந்த உலோகத்தை இச்சாறு அகற்றுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு பாலாற்றில்தான் தொடங்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கங்களைக் கடந்து வரும் ஆறு, செங்கல்பட்டு மாவட்டத்தின் வயலூர் அருகே கடலில் கலக்கிறது. பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் கிணறுகளையும் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் குவிந்த கழிவு லட்சம் டன்னுக்கும் மேல்.

குரோமியம் எல்லாம் ஒன்றல்ல. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிற குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். குரோமேட் ஆலைகளில் உருவாகும் ஆறிணைதிற வகை நீரில் எளிதில் கரையும். சல்ஃபேட் நுழையும் வழியிலேயே வேருக்குள் புகுந்துவிடும். காட்மியம் இரும்பும் துத்தநாகமும் செல்லும் வழியைப் பிடித்துக்கொள்கிறது. ஆர்செனைட்டோ, நெற்பயிர் சிலிக்காவுக்குத் திறந்துவைத்த வழியில் நுழைகிறது. உள்ளே போனபின் இவை கேடு தரும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகின்றன. செல்சவ்வு சிதைகிறது, பச்சையம் குறைகிறது, வேர்நுனி கருகுகிறது.

சாறு வேலை செய்வது இந்த இடத்தில்தான். அதில் சைட்டோகைனின், ஆக்சின் ஆகிய வளர்ச்சி ஊக்கிகளும் பீட்டெய்ன்களும் பொட்டாசியமும் பாசிக்கே உரிய சர்க்கரைச் சேர்மங்களும் உள்ளன. தெளித்த செடியில் கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் முதலிய நொதிகளின் செயல் கூடுவதும் புரோலின் அளவு மாறுவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. வேர் நன்றாக ஓடினால் செடி நீரையும் சத்தையும் தேடிக்கொள்கிறது. ஆனால் உலோக அழுத்தத்தை வைத்து நடந்த சோதனைகளில் பெரும்பாலானவை முளைப்புத் தட்டிலும் தொட்டியிலும் செய்யப்பட்டவை. தொட்டியில் கண்ட பலனை வயலின் மேல் ஏற்றிச் சொல்வது உழவருக்குச் செய்யும் அநீதி.

கடலோரத்தில் பாசி புதிய உரமல்ல. கரை ஒதுங்கியதை அள்ளித் தென்னைக்கு இடுவது பழைய வழக்கம். ராமநாதபுரம் கடற்கரையில் சர்காசம் என்னும் பழுப்புப் பாசியைக் கட்டக்கோரை என்பார்கள். கிராசிலேரியா அங்கே கஞ்சிப்பாசி. சாறு தொழிலாக வளர்ந்ததற்குக் காரணம் கப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசி. மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் அதன் வளர்ப்பை மீனவப் பெண்களிடம் கொண்டுசேர்த்தது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, துண்டுப் பாசியை முடிந்துவிட்டால் 45 நாளில் அறுவடைக்கு வரும். ஈரப்பாசியை அரைத்துப் பிழிந்தால் சாறு தனியே வரும். சக்கையிலிருந்து உணவைக் கெட்டியாக்கும் கேராஜீனன் எடுக்கலாம். ஒரே பாசியில் இரண்டு வருமானம் தரும் இந்த முறைக்கு அந்நிறுவனம் 2005இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. நெல், பச்சைப்பயறு, மக்காச்சோளம் போன்ற பயிர்களில் இச்சாற்றை 5 முதல் 15 சதவீதம் வரை நீரில் கலந்து இலைவழி தெளித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பாசியின் ஒரு குணம் இங்கே எதிராகவும் திரும்பும். பழுப்புப் பாசியின் செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட், ஈயத்தையும் காட்மியத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கழிவுநீர் சேரும் முகத்துவாரத்தில் அள்ளிய பாசியைக் காய்ச்சித் தெளித்தால், தடுக்க நினைத்ததையே வயலுக்குக் கொண்டுபோகிறோம். 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்த பயிர் ஊக்கிகளுக்கு உலோக வரம்புகள் உண்டு: கிலோவுக்குக் காட்மியம் 5, ஆர்செனிக் 10, குரோமியம் 50, ஈயம் 100 மில்லிகிராம். வீட்டுக் கொப்பரையில் காய்ச்சும் சாற்றை இந்த வரம்புக்கு யாரும் சோதிப்பதில்லை.

பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே தள்ளி இருக்கும் கடப்பாக்கத்தைச் சுற்றிய கடலோர மண் பெரிதும் மணல். சவுக்கும் தென்னையும் நிற்கும் நிலம். களியும் மட்கும் குறைந்த மண்ணில் உலோகம் ஒட்டி நிற்காது. வேருக்கோ நிலத்தடி நீருக்கோ போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் தொழுவுரமும், மண் புளித்திருந்தால் சுண்ணாம்பும் முதலில் இடவேண்டியவை. தெளிப்பு அதற்குப் பிறகு.

நெல்லில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வயலில் தண்ணீர் கட்டினால் ஆர்செனிக் கரைந்து கூடும். வடித்துக் காயவிட்டால் காட்மியம் கூடும். சாறு தெளித்த பயிர் கரும்பச்சையாக நிற்கையிலும் இந்தக் கணக்கு மண்ணுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கும். தீட்டிய அரிசியில் காட்மியத்துக்குக் கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத்தர அமைப்பு வகுத்த உச்ச அளவு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். அறுவடையான மணியை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அந்த அளவு தெரியவரும்.