கிள்ளானின் இரண்டு கோடுகள்



இன்றைய பேச்சைக் கேட்பதற்கு ஒரு தாளும் பென்சிலும் வேண்டும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளிடம் கேட்டு ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். அது வந்து சேருவதற்குள், நம் சிலாங்கூரில் நடந்த ஒரு பழைய செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளைஞர் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்தார். ஸ்காட்லாந்து தேசத்தவர். கிள்ளான் அப்போது சிறிய பட்டணம். சதுப்பு நிலமும் காடும் ஊருக்குள்ளேயே புகுந்திருந்தன. ஆற்றின் முகத்துவாரத்தில் கண்டல் காட்டை அழித்து, புதிய துறைமுகம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். 1972 முதல் நாம் அதைக் கிள்ளான் துறைமுகம் என்கிறோம். துறைமுகம் திறந்ததும் கப்பல் வந்தது. கூடவே காய்ச்சலும் வந்தது. வேலையாட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்தார்கள். இவ்வளவு பணம் போட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல்தான். அதற்கு முன்பு, சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று படித்தவர்களும் நம்பினார்கள். ஆகவே வாட்சன் கையில் இருந்தது நான்கே வயதான ஓர் அறிவு. அதை நம்பி, சதுப்பை வடிக்க வேண்டும், காட்டை வெட்ட வேண்டும், பள்ளங்களைத் தூர்க்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார். சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் துணை நின்றார். கிள்ளானில் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. துறைமுகத்தைச் சுற்றிக் கடல்நீர் புகாதபடி கரை எழுப்பப்பட்டது.

பலன் என்ன? கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901-இல் பதிவான மரணங்கள் 582. அடுத்த ஆண்டில் 144. அந்த 582-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் மட்டும் 368 பேர். 1902-இல் அது 59 ஆகிவிட்டது.

தாள் வந்துவிட்டதா? இப்போது வரைவோம்.

தாளின் அடியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போடுங்கள். அதில் சம தூரம் விட்டு 1901, 1902, 1903, 1904, 1905 என்று எழுதுங்கள். இடது ஓரத்தில் கீழிருந்து மேலே ஒரு கோடு. அடியில் சைபர், ஒவ்வொரு கட்டத்துக்கும் 50 வீதம் ஏறி, எட்டாவது கட்டத்தில் 400. மலேரியா என்று மருத்துவமனைக்கு வந்தவர்களில், கிள்ளான் பட்டணத்தில் குடியிருந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறேன். அந்தந்த ஆண்டுக்கு மேலே புள்ளி வையுங்கள். 1901-இல் 334. அதாவது ஏழாவது கோட்டுக்குச் சற்றுக் கீழே. 1902-இல் 129. 1903-இல் 48. 1904-இல் 28. 1905-இல் வெறும் 12. புள்ளி ஏறக்குறையத் தரையைத் தொடும். ஐந்து புள்ளிகளையும் சேர்த்துவிடுங்கள். குன்றின் உச்சியிலிருந்து சறுக்கி இறங்கிச் சமவெளியில் ஓடுவது போல ஒரு கோடு கிடைத்திருக்கும்.

இந்த ஐந்து எண்களை வரிசையாக நான் வாசித்தபோது உங்கள் மனத்தில் எத்தனை தங்கின? கோட்டைப் பாருங்கள், இனி மறக்காது. குறிவரைவு செய்யும் வேலை இதுதான். 1786-இல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளை இப்படிக் கோடுகளாக வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். வணிகக் கணக்கைப் படமாக்கிக் காட்டும் வழக்கத்துக்கு அவரை முன்னோடி என்பார்கள். வட்டத்தைத் துண்டு போட்டுப் பங்குகளைக் காட்டும் படத்தையும் 1801-இல் அவரே தொடங்கி வைத்தார். கிரிமியப் போரில் தொண்டு செய்த நைட்டிங்கேல் அம்மையாரும், போர்க்காயத்தைவிடத் தவிர்க்கக்கூடிய நோய்களாலேயே சிப்பாய்கள் அதிகம் மாண்டார்கள் என்பதை 1858-இல் வண்ணப் படமாக வரைந்தார். அட்டவணையைப் படிக்கப் பொறுமையில்லாத பெரிய மனிதர்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு.

மறுபடி கிள்ளானுக்கு வருவோம். நீங்கள் வரைந்த கோட்டை அன்றைய ஓர் அதிகாரியிடம் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் என்ன கேட்பார்? "மழை குறைந்திருக்கலாம். காய்ச்சல் தானாக வரும், தானாகப் போகும். வாய்க்கால்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?" நியாயமான கேள்வி. ஒற்றைக் கோட்டால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

வாட்சன் இதற்கும் கணக்கு வைத்திருந்தார். அதே மருத்துவமனைக்கு மாவட்டத்தின் மற்ற பகுதிகளிலிருந்து வந்த மலேரியா நோயாளிகளை அவர் தனியே எண்ணியிருந்தார். அதே தாளில், வேறு நிறத்தில் வரையுங்கள். 1901-இல் 197. 1902-இல் 204. 1903-இல் 150. 1904-இல் 266. 1905-இல் 353.

இப்போது தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஒரு கோடு இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வானம் ஒன்று, மழை ஒன்று, மருத்துவமனையும் ஒன்று. வாய்க்கால் வெட்டிய இடத்தில் காய்ச்சல் விழுந்தது. வெட்டாத இடத்தில் விழவில்லை. அந்த அதிகாரியால் இனி மழையைச் சாக்குச் சொல்ல முடியாது. வாட்சன் தம் அறிக்கையில் இந்த எண்களை அட்டவணையாகவே அடுக்கினார். கோடாக்கியது நாம். ஆனால் எதன் பக்கத்தில் எதை வைக்க வேண்டும் என்ற தெளிவு அவருடையது. நல்ல குறிவரைவில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. வண்ணமும் எழுத்தும் அதற்குப் பிறகுதான்.

ஒரு நிமிடம் அந்த இரண்டாவது கோட்டில் நிற்போம். மாவட்டத்தின் மற்ற பகுதிகள் என்றால் யார்? கம்பத்து மக்கள் உண்டு. புதிதாகக் காடழித்து ரப்பர் நட்ட தோட்டங்களும் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, லயத்தில் குடியிருந்த நம் முன்னோர்கள் அந்தக் கோட்டில் இருக்கிறார்கள். பட்டணத்துக்கு வந்த வாய்க்கால் அன்று அவர்கள் வாசலுக்கு வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உதவிய கோடு அவர்களுடைய கோடு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 150-இலிருந்து 353-க்கு ஏறியதால், நோய் இரண்டு மடங்குக்கு மேல் கடுமையாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா? கூடாது. அந்த ஆண்டுகளில் தோட்டங்கள் பெருகின, ஆட்களும் பெருகினார்கள். ஆள் கூடினால் நோயாளியும் கூடத்தான் செய்வார்கள். ஆகவே நூற்றுக்கு எத்தனை, ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். வாட்சன் பிற்காலத்தில் அரசாங்க வேலையை விட்டுத் தோட்ட மருத்துவரானபோது இதைத்தான் செய்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மலேரியா பலமுறை தாக்கினால் மண்ணீரல் வீங்கும். 20 பிள்ளைகளில் 10 பேருக்கு வீக்கம் என்றால் நூற்றுக்கு 50. 200 பிள்ளைகளில் 30 பேர் என்றால் நூற்றுக்கு 15. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் இரண்டாவது தோட்டம் மோசமானது போலத் தோன்றும். உண்மை நேர்மாறு.

இப்படி விகிதம் கணக்கிட்டு, அதைத் தோட்டத்தின் நிலத்தோடு பொருத்திப் பார்த்தபோது ஒரு புதிர் அவிழ்ந்தது. தாழ்ந்த சமநிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் காய்ச்சல் குறைந்தது. குன்றுகளில் அதே வேலையைச் செய்தால் குறையவில்லை, சில இடங்களில் கூடியது! காரணம், கொசு வேறு. சமநிலத்துக் கொசு காட்டு நிழலில் தேங்கும் நீரில் வளர்ந்தது. குன்றுப்புறத்துக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்ந்தது. காட்டை வெட்டி ஓடைக்கு வெயிலைத் திறந்துவிட்டதே நாம்தான். எல்லாத் தோட்டங்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி போட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. பிரித்து வரைந்ததால் தெரிந்தது. குன்றுகளில் பூமிக்கடியில் குழாய் பதித்து நீரை வடிப்பதும், ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் அதன் பிறகு வந்தவை.

கம்பெனிகள் இதற்கெல்லாம் பணம் கொடுத்தது இரக்கத்தினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆளைக் கப்பலில் கொண்டுவரச் செலவு உண்டு. படுத்த ஆள் பால் எடுக்க மாட்டான். நட்டக் கணக்கு அவர்களுக்கு விளங்கியது. எப்படியோ, வாய்க்கால் வெட்டப்பட்டது. 1911-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்களின் மரணம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 60-க்கும் மேல் இருந்தது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. 1918-இல் திடீரென்று செங்குத்தாக ஏறியது. அது உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் ஆண்டு. இந்தக் கணக்கை வரைகிறவர் அந்தச் சிகரத்தின் பக்கத்தில் "1918, விஷக்காய்ச்சல்" என்று எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், பார்க்கிறவர் வாய்க்கால் பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இன்று நம் பிள்ளைகள் பலர் கோலாலம்பூரிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். கூட்டங்களில் எழுந்து நின்று திரையில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. பொத்தானைத் தட்டினால் கணினி இருபது விதமான படங்களைப் போட்டுக் கொடுக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது? கிள்ளான் கணக்கையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். அது ஆண்டுக்கு ஆண்டு மாறுவது, ஆகவே கோடு. பத்துத் தோட்டங்களின் மண்ணீரல் விகிதத்தை ஒரே ஆண்டில் ஒப்பிடுவதானால் பட்டைகள், அதுவும் உயரத்தின் வரிசைப்படி. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஒரு வெள்ளி வருமானம் எப்படிப் பங்காகிறது என்றால் வட்டம் பொருந்தும். நான்கு ஐந்து பங்குக்கு மேல் போனால் வட்டத்தை விட்டுவிட வேண்டும். மெலிந்த துண்டுகளில் எது பெரிது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. கிள்ளானின் ஐந்து ஆண்டுகளை யாராவது ஐந்து வட்டங்களாக வரைந்திருந்தால், அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் நமக்குத் தெரிந்தே இருக்காது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், நாங்கள் எழுதிய சார்ட்டைச் சுவரில் மாட்டிவிட்டு நேரே கடைசி வாங்குக்குப் போய் உட்காருவார். அங்கிருந்து படிக்க முடியாவிட்டால் கழற்றச் சொல்லிவிடுவார். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. திரைக்கும் அதே சட்டம்தான். கோட்டின் பெயரை மூலையில் ஒரு பெட்டிக்குள் போடாமல், கோட்டின் முனையிலேயே எழுதுங்கள். சிவப்பும் பச்சையும் சிலருக்கு ஒன்றாகத் தெரியும். ஒன்றைக் கெட்டிக் கோடாகவும் மற்றதைப் புள்ளிக் கோடாகவும் போட்டால் கவலையில்லை.

பட்டை வரைந்தால் அடி சைபரிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்பு ஒரு கூட்டத்தில், யார் நடத்தியது என்பது இங்கே வேண்டாம், விளைச்சல் உயர்வைக் காட்ட இரண்டு பட்டைகள் வரைந்து மாட்டியிருந்தார்கள். புதிய பட்டை பழையதைப் போல மூன்று மடங்கு உயரம். எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து போய் ஓரத்து எண்களைப் பார்த்தேன். பழையது 96, புதியது 98. அடியில் எழுதியிருந்தது 95. இரண்டே இரண்டு கூடியதற்கு மூன்று மடங்கு உயரம். எண்களில் பொய் இல்லை, படத்தில் இருந்தது. பின் வரிசையில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்த முதியவர்களுக்கு உயரம் மட்டுமே தெரிந்தது.

உங்கள் தாளில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. இறங்கும் கோட்டின் முனையில் "கிள்ளான் பட்டணம்" என்றும், ஏறும் கோட்டின் முனையில் "மாவட்டத்தின் மற்ற பகுதிகள்" என்றும் எழுதுங்கள். மேலே தலைப்பு: "மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள், 1901 முதல் 1905 வரை." இடது ஓரத்தில் "ஆட்கள்" என்று எழுத மறக்க வேண்டாம்.