உயிர்காப்புக் கருவிகளில் உள்ள குழந்தைகளுக்கு ஏற்படும் இரத்த உறைவு

வென்டிலேட்டரிலோ எக்மோவிலோ (இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜனேற்றித் திருப்பி அனுப்பும் கருவி) வைக்கப்பட்டுள்ள குழந்தையின் இரத்தம், இரத்தக்குழாய்க்குள் அல்லது கருவிக்குள் உறைந்து கட்டியாகும் கோளாறு இது. குழந்தைகளுக்கு இது வருவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, மருந்து செலுத்துவதற்காகக் கழுத்திலோ தொடையிலோ பெரிய சிரைக்குள் வைக்கும் குழாய்தான். சிறிய சிரையில் குழாயே இடத்தை அடைத்துக்கொள்வதால் இரத்த ஓட்டம் தளர்கிறது. கிருமித்தொற்று, நீரிழப்பு, அறுவை சிகிச்சை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

எக்மோ என்ற சொல் தமிழ்நாட்டில் பரவலாகத் தெரிந்தது 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும், 2020-இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கும் சிகிச்சை நடந்தபோது. ஆனால் 1975-இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் இதைக் கொண்டு காப்பாற்றியது பிறந்த குழந்தை ஒன்றை. உடலுக்கு வெளியே பிளாஸ்டிக் குழாய்களில் ஓடும் இரத்தம் உறையவே முனையும். அதைத் தடுப்பது ஹெப்பாரின். 1916-இல் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆய்வில் தொடங்கிய இந்த மருந்து, இன்று பெரும்பாலும் பன்றிக்குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. ஹெப்பாரின் வேலை செய்ய ஆன்டித்ராம்பின் என்ற புரதம் வேண்டும். கைக்குழந்தைகளிடம் அது குறைவு. அதனால் எடையை மட்டும் பார்த்து அளவை முடிவுசெய்ய முடியாது, இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். மருந்து குறைந்தால் கட்டி, கூடினால் மூளையில் இரத்தக்கசிவு. இரவிலும் செவிலியர் டார்ச் அடித்து எக்மோ கருவியின் ஆக்சிஜனேற்றியின் மூலைகளைப் பார்ப்பார். கறுத்த திட்டும் வெளுத்த நூலிழையும் உறைவின் அடையாளங்கள்.

தீவிர சிகிச்சையில் சேரும் எல்லாக் குழந்தைகளுக்கும் முன்கூட்டியே ஹெப்பாரின் கொடுப்பதற்கு உறுதியான சான்று இல்லை. தேவை முடிந்த அன்றே சிரைக்குழாயை எடுத்துவிடுவது எளிய, முதன்மையான தடுப்பு. 

இந்தச் சிகிச்சை எல்லா ஊர்களுக்கும் அருகில் இல்லை. பழனி மலையில், கொடைக்கானல் வட்டத்து வடகவுஞ்சி போன்ற ஊர்களின் குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கு மலையிறங்கி வர வேண்டும். அவர்களின் மாவட்டத்தில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. எக்மோ பெரும்பாலும் பெருநகரங்களிலேயே கிடைக்கிறது. வயிற்றுப்போக்கால் வற்றிப்போன குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால், புறப்படும்போதே ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்கத் தொடங்கலாம்; நீரிழப்பு மூளைச் சிரைகளில் உறைவுக்கு வழிவிடும்.

உறைவு கண்ட குழந்தைக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை உறைவெதிர் மருந்து தொடரலாம். வீடு திரும்பிய பிறகும் பெற்றோர் கவனிக்க வேண்டும்: ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, நிறம் மாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.