பீனிக்ஸ் படகின் மரக்கூடு

வடஅமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க் மாநிலங்களுக்கிடையே நீண்டு கனடாவின் எல்லையைத் தொடும் சாம்பிளேன் ஏரியில், 1819 செப்டம்பர் 5-ஆம் தேதி விடியுமுன் எரிந்தழிந்த ‘பீனிக்ஸ்’ என்னும் நீராவிப் பிரயாணிப் படகைப் பற்றிப் பேசுவோர், அக்கினியை மூட்டியது எது என்ற வினாவையே பெரும்பாலும் முதலில் எழுப்புகின்றனர். அவ்வினா அற்பமானதன்று, ஆயினும் அப்படகு நமக்கு விட்டுச்சென்ற உண்மையான செல்வம், எரிந்தது போக எஞ்சிய அதன் மரக்கூடே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அக்காலத்து முதலாளிகள் மரத்தை எவ்வளவாக மதித்தனர் என்பதை அவ்வேரியின் சரித்திரமே காட்டுகிறது. வைனன்ஸ் சகோதரர்கள் பர்லிங்டனில் கட்டி 1809-இல் ஓட்டிய ‘வெர்மான்ட்’ அங்கு ஓடிய முதல் நீராவிப் படகு. 1815-இல் அதன் யந்திரத் தண்டு கழன்று அடிமரத்தைப் பிளந்துவிட, படகு மூழ்கியது; யந்திரமோ மீட்கப்பட்டு ‘சாம்பிளேன்’ என்னும் புதுப் படகில் பொருத்தப்பட்டது. அப்படகும் 1817-இல் வைட்ஹால் துறையில் தீக்கிரையாயிற்று. பீனிக்ஸின் யந்திரமும் பின்னர் அதே பெயர் கொண்ட இரண்டாம் படகுக்குச் சென்றது. யந்திரம் கூடுவிட்டுக் கூடு பாய்ந்துகொண்டே இருக்க, கைவிடப்பட்ட கூடுகளை எவரும் பொருட்படுத்தவில்லை.

வர்ஜென்ஸ் நகரில் கட்டப்பெற்று 1815-இல் ஓடத் தொடங்கிய பீனிக்ஸ் 146 அடி நீளமுடையது. இருபக்கமும் துடுப்புச் சக்கரங்கள் சுழல, கொதிகலனுக்கு விறகெரித்து ஓடியது. தலைவர் ஜஹசீல் ஷெர்மன் நோயுற்றிருந்தமையால், அவ்விரவு அவருடைய மகனான இளைஞர் ரிச்சர்ட், 46 பேருடன் பர்லிங்டனிலிருந்து பிளாட்ஸ்பர்க் நோக்கிப் படகைச் செலுத்தினார். நடுநிசிக்குப் பின் நெருப்புக் கண்டதும் பிரயாணிகள் உறக்கத்தினின்றும் எழுப்பப்பட்டனர். இருந்த சிறு தோணிகள் இரண்டு. அவற்றில் ஏறியவர் 34 பேர். தோணிகள் அகன்றபோது எரியும் தளத்தில் பன்னிருவர் எஞ்சி நின்றனர். கிடைத்த மரத்துண்டுகளைப் பற்றிக்கொண்டு குளிர்நீரில் குதித்த அவர்களுள் அறுவர் மாண்டனர். ரிச்சர்ட் உயிருடன் மீட்கப்பட்டார்.

உக்கிராண அறையில் அணைக்காமல் விடப்பட்ட மெழுகுவர்த்தியே காரணமென்று அக்காலத்தில் கூறப்பட்டது. நீராவியால் பிழைப்பிழந்த பாய்மரக்காரர்கள் தீ வைத்தனர் என்ற ஐயமும் பின்னர் எழுந்தது. பகைமைக்குக் காரணம் இருந்தது என்பதனாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. உலர்ந்த மரத்தால் கட்டி, நடுவே உலையை வைத்து, அருகில் விறகை அடுக்கிய கலத்தில் ஒரு சிறு சுடரும் போதுமானது என்பதே என் கருத்து. மேலும், 46 பேருக்கு இரண்டு தோணிகள் என்ற ஏற்பாடு, தீ மூண்ட காரணத்தைக் காட்டிலும் அவ்வறுவரின் மரணத்துக்கு அண்மையது.

எரிந்துகொண்டே மிதந்த படகு கால்செஸ்டர் திட்டில் தங்கி, நீர்மட்டம்வரை அழிந்தது. எஞ்சிய அடிப்பகுதி பின்னர் ஆழத்திற் சரிந்தது. 1978-இல் நீர்மூழ்குவோர் அதனைக் கண்டனர். முன்புறம் ஏறத்தாழ 60 அடி ஆழத்திலும் பின்புறம் 110 அடி ஆழத்திலும் கிடக்கும் அக்கூடு, இன்று அறியப்பட்ட நீராவிக் கலங்களின் எச்சங்களுள் மிகத் தொன்மையானது. கடலில் மரத்தைத் துளைக்கும் புழு இந்நன்னீரில் இல்லாமையும், கையாள்வார் எவரும் இல்லாமையுமே அதனைக் காத்தன. அதனினும் மூத்த ‘வெர்மான்ட்’டை 1953-இல் நீரினின்றும் வெளியே தூக்கினர், பேணுவாரின்றி அது கெட்டழிந்தது. ஆகவே பீனிக்ஸைக் கரையேற்ற வேண்டுமென்ற ஆவல் எவ்வளவு நல்லெண்ணத்தினின்று பிறப்பினும் ஏற்கத்தக்கதன்று. ஆனால் 1993 முதல் அவ்வேரியில் பரவிவரும் சீப்ரா என்னும் அயற்சிப்பி, மூழ்கிய மரங்களின்மேல் அடர்ந்து படிந்து அவற்றின் இணைப்புகளைக் கண்ணுக்கு மறைக்கிறது. சட்டங்களையும் மூட்டுகளையும் இருந்த இடத்திலேயே அளந்து வரைந்து முடிக்கும் வேலையை, நாவாய்ச் சரித்திரத்தில் பற்றுடையோர் இனியும் ஒத்திப்போடலாகாது.