செம்பனை ஓட்டுக்குள் ஒரு கணக்கு

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் 1960-ஆம் ஆண்டுகள் தொட்டு பால்மரங்கள் சாய்ந்தன; செம்பனை எழுந்தது. பால்வெட்டிய கைகள் குலை வெட்டப் பழகின. வேலை மாறிய கதை எல்லாருக்கும் தெரியும். கன்றின் கதை?

ரப்பரில் நல்ல மரம் கிடைத்தால் மொட்டெடுத்து ஒட்டுக் கட்டிவிடலாம். தாய் எப்படியோ கன்றும் அப்படியே. செம்பனைக்குக் கிளை ஏது? ஒரே குருத்து. அந்நாளில் விதையைத் தவிர வேறு வழியே இல்லை. விதை என்றால் தாயும் தகப்பனும் பாதிப் பாதி கொடுக்க வேண்டும்.

செம்பனையின் உயிரணுவில் 32 குரோமோசோம்கள். மகரந்தத்திலும் சூலிலும் உள்ள இனச்செல்லுக்குப் போவது 16. கொட்டையின் ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணு, மரத்தில் இரண்டு, இனச்செல்லில் ஒன்று. தடித்த ஓட்டுக்கு 'த', ஓடின்மைக்கு 'இ' என்று வைத்துக்கொள்வோம். டூரா மரம் 'தத'; ஓடு தடிப்பு, சதை குறைவு. பிசிஃபெரா 'இஇ', ஓடே கிடையாது, ஆனால் குலை பெரும்பாலும் பிஞ்சிலேயே அழுகிவிடும். நடுவில் நிற்பது தெனெரா, 'தஇ'. மெல்லிய ஓடு, டூராவைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய்.

இவ்வட்டார டூராவின் பூர்வீகம், 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட நான்கு ஆப்பிரிக்கக் கன்றுகள். 1917-இல் சிலாங்கூரில் வணிக முறையில் செம்பனை நட்ட தோட்டத்தின் பெயர், வேடிக்கையைப் பாருங்கள், தென்னமரம்! அங்கும் டூராதான்.

பெல்ஜிய கொங்கோவிலோ தெனெராவே சிறந்ததென்று கண்டு, தெனெராவோடு தெனெராவையே சேர்த்துப் பார்த்தார்கள். ஏமாற்றமே மிஞ்சியது. காரணத்தை 1941-இல் வெளியிட்டவர்கள் பெர்னார்ட், வான்டர்வேயன் என்ற இருவர். தெனெராவின் இனச்செல்களில் பாதி 'த', பாதி 'இ'. இரண்டு தெனெரா சேர்ந்தால் நான்கில் ஒன்று டூரா, இரண்டு தெனெரா, ஒன்று பிசிஃபெரா. டூரா தருவதோ 'த' மட்டும். பிசிஃபெரா தருவது 'இ' மட்டும். இவ்விரண்டையும் சேர்த்தால் நூற்றுக்கு நூறு தெனெரா! மலட்டு மரத்துக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

தோட்டத்தில் உதிரிப்பழம் தானாக முளைத்து நிற்கும். காசில்லாக் கன்று. பழத்தை அறுத்தால் ஓடு மெல்லியதாகத்தான் இருக்கிறது, நட்டால் என்ன? அந்த ஓடு தாய்மரத்தின் உடம்பு. உள்ளிருக்கும் பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சுற்றிலும் தெனெரா மரங்கள். வண்டு சுமந்து வரும் மகரந்தமும் தெனெராவுடையதே. அப்படி 100 கன்று நட்டால் ஏறக்குறைய 25 டூரா, இன்னொரு 25 மலடு. அது தெரியவரும்வரை மூன்றாண்டு உரமும் உழைப்பும் போட்டாக வேண்டும். சொந்தமாக இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது சின்ன நட்டமா?

2013-இல் அந்த மரபணுவே பிடிபட்டது. நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய பாங்கியில் இயங்கும் மலேசியச் செம்பனை வாரியத்தின் ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்டோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். இனி குலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாற்றின் இலைத்துண்டு போதும்.

அந்தச் சோதனையைக் கொண்டு மலேசியாவின் சுயேச்சைத் தோட்டங்களையும் நாற்றுமேடைகளையும் பார்த்த ஆய்வு 2016-இல் வந்தது. தெனெரா என்று நம்பிய கன்றுகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தெனெரா இல்லை. விதைக்காகப் பை கட்டும் டூரா பூவில் ஒரு கிழிசல் இருந்தாலே போதும், வண்டு நுழைந்துவிடும்.