வட்டார வானூர்தி வரலாறும் உஷா சுந்தரமும்

வானூர்தி என்னும் சொல் புறநானூற்றின் 27ஆம் பாட்டிலேயே உண்டு. அப்புலவர் கண்டது ஓட்டுநரின்றித் தானே இயங்கும் ஊர்தி. நம் காலத்து ஊர்திகளுக்கோ ஓட்டுநர் இருந்தும், அவர்தம் வரலாற்றைத் தமிழில் தொகுத்தார் மிகச் சிலரே. 1910இல் தஞ்சேலிசு என்பார் சென்னையில் பறந்தமையும், 1932 அக்டோபரில் டாட்டா நிறுவனத்தின் முதல் அஞ்சல் வானூர்தியை நெவில் வின்சென்ட் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியே சென்னைக்குக் கொணர்ந்தமையும் சிலரேனும் அறிவர். விழுப்புரம், திண்டிவனம் சார்ந்த நிலப்பகுதிக்கு அவ்வளவு பேறும் வாய்த்திலது.

இப்பகுதியின் தலையாய சான்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உளுந்தூர்ப்பேட்டையில் அமைந்த வானூர்தித் தளமாகும். அதன் ஓடுபாதை பிறந்தது தென்னார்க்காட்டு மாவட்டத்தில். 1993இல் அது விழுப்புரம் மாவட்டத்தின்பாற்பட்டது. 2019இல் கள்ளக்குறிச்சிக்குச் சென்றது. ஓரிடத்திற்கு மூன்று மாவட்டப் பெயர்கள்! எனவே ஆவணம் தேடுவோர் இற்றைப் பெயரை மட்டும் நம்புதல் கூடாது. தென்னார்க்காடு என்னும் தலைப்பிலும், படைத்துறை ஏடுகளிலும் தேடுதல் வேண்டும்.

இடத்திற்கு நேர்ந்த இக்குறை ஆளுக்கும் நேர்ந்துள்ளது. உஷா சுந்தரம் 1949இல் பெங்களூர் சக்கூர் அரசினர் வானோட்டப் பள்ளியில் தேர்ச்சி பெற்ற முதற் பெண்மணி. மைசூர் மன்னரின் வானோடியாகிய கணவர் வே. சுந்தரத்துடன் துணைவானோடியாகப் பறந்தார். சமத்தான இணைப்புக் காலத்தில் வல்லபாய் பட்டேலும் இவர்கள் ஓட்டிய ஊர்தியில் சென்றனர் என்ப. 1950களின் தொடக்கத்தில் சென்னை அரசுக்கென வாங்கிய டவ் வானூர்தியை இருவரும் இங்கிலாந்திலிருந்து 27 மணி நேரத்தில் பம்பாய்க்கு ஓட்டி வந்தனர்.

இவரை இந்தியாவின் முதற் பெண் வானோடி என்பாருமுளர். அது பொருந்தாது. ஊர்மிளா பரீக் 1932இலேயே உரிமம் பெற்றார். சரளா துக்ரால் 1936இல் தனித்துப் பறந்தார். மிகைப்பட்ட புகழ் உண்மைப் புகழையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

சுந்தரம் ஆங்கிலத்தில் எழுதிய 'ஆன் ஏர்மேன்ஸ் சாகா' அக்கால நிகழ்ச்சிகளைக் காத்துத் தந்த நூல். எனினும் அது கணவரின் கண்வழிக் கண்டது. உஷாவோ, 1959இல் இருவரும் நிறுவிய நீலச் சிலுவை விலங்கு நலச் சங்கத்தாலேயே பின்னாளில் அறியப்பட்டார், 2010இல் மறைந்தார். துணைவானோடி இயக்கிய நேரம் எவ்வளவு என்பதற்குத் தன்வரலாறு போதிய சான்றாகாது. பறப்புக் குறிப்பேடே சான்றாம். ஆதலின் முதற்கண் தேடத்தக்கன அத்தகைய ஏடுகள். உளுந்தூர்ப்பேட்டையிலோ பணி இன்னும் விரைவுடையது: தளம் அமைந்தபோது இளைஞராய் மண் சுமந்தோர் எவரேனும் இன்றிருப்பின், தொண்ணூற்றைக் கடந்தவராவர்.