சாப்பாட்டு மேசையில் எஞ்சிய அந்தலுஸ்

ஸ்பெயினில் சீனிக்கு ‘அஸூகார்’ என்பார்கள். எண்ணெய்க்கு ‘அஸெய்தே’, அரிசிக்கு ‘அர்ரோஸ்’. குர்ஆன் மதரஸாவில் ஓதிய காதுக்கு இவை அந்நியமாகப் படாது. அஸ்ஸுக்கர், அஸ்ஸைத், அர்ருஸ் என்ற அரபுச் சொற்களே இவை. ஷம்ஸி எழுத்து வந்தால் ‘அல்’லின் லாம் அதோடு கரைந்துவிடும் என்று ஓதியிருக்கிறோமல்லவா? அந்த விதியின் தடம் ஸ்பானியச் சொற்களிலும் கிடக்கிறது. கமரி எழுத்து வந்தால் லாம் தப்பிக்கொள்ளும். இறைச்சி உருண்டைக்குப் பெயர் ‘அல்போந்திகா’; மூலம் அல்புந்துகா. இத்தாலியர் சீனியை ‘ஸுக்கெரோ’ என்று ‘அல்’ இல்லாமல் எடுத்தனர். ஸ்பானியர் பேச்சில் கேட்டபடி ‘அல்’லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர்.

கி.பி. 711 முதல் 1492 வரை ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் ஆட்சி ஏதோவொரு பகுதியில் நீடித்தது. அந்தக் காலத்தில் சொல் தனியே போகவில்லை. பயிரும் நீரும் கூடவே போயின. வாய்க்கால் ‘அஸேக்கியா’ (அஸ்ஸாகியா), நீர் இறைக்கும் சக்கரம் ‘நோரியா’ (நாஊரா), நீர்த்தொட்டி ‘அல்ஹிபே’ (அல்ஜுப்). யூஸுஃப் (அலை) அவர்கள் போடப்பட்ட கிணற்றைக் குர்ஆன் குறிக்கும் சொல்லும் இதே ‘ஜுப்’தான்.

அந்த நீரில் விளைந்தவற்றின் பெயர்களைப் பாருங்கள். குங்குமப்பூ ‘அஸஃப்ரான்’. கத்தரிக்காய் ‘பெரென்ஹேனா’, அரபியில் பாதின்ஜான். இதுவே போர்த்துக்கேயர் வாயில் ‘பெரின்ஜெலா’வாகி, நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘பிரிஞ்சால்’ ஆனது. வத்தகப்பழம் ‘ஸந்தியா’, சிந்து நாட்டுப் பழம் என்று பொருள். தோடம்பழம் ‘நரான்ஹா’. அரபு நாரன்ஜ், பாரசீக நாரங், சமஸ்கிருத நாரங்க என்று பின்னே போனால், நம் நாரத்தைக்கு உறவான ஒரு திராவிடச் சொல்லில் போய் நிற்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

ஒலிவ் மரத்தின் கதை இன்னும் சுவையானது. மரத்துக்கு இலத்தீன் வழிவந்த ‘ஒலிவோ’ நிலைத்தது. காய்க்கோ ‘அஸெய்துனா’ (ஸைத்தூனா), எண்ணெய்க்கோ ‘அஸெய்தே’. மரம் உரோமர் பெயரில் நிற்க, சந்தைக்கும் அடுக்களைக்கும் வந்தவை அரபுப் பெயரைச் சூடிக்கொண்டன. பகலுணவைக் குறிக்கும் ‘அல்முவெர்ஸோ’வில் இலத்தீன் சொல்லின் தலையில் அரபு ‘அல்’ ஏறியிருக்கிறது. இரு மொழியாரும் ஒரே ஊரில் சமைத்து உண்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1492இல் கிரனாடா வீழ்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் முஸ்லிம்கள் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளாகினர். அவ்வாறு மாற்றப்பட்டோரும் அவர்கள் வழிவந்தோருமே மொரிஸ்கோக்கள். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை கிரனாடாவில் அரபு பேசவும் எழுதவும் தடை விதித்தது. மத விசாரணை மன்றம் அவர்களின் அடுப்பங்கரைக்குள்ளும் எட்டிப் பார்த்தது. பன்றியிறைச்சி உண்ணாதது, வைன் குடிக்காதது, நோன்பு பிடித்தது, ஏன், குஸ்குஸ் சாப்பிட்டதுகூடச் சந்தேகத்துக்குப் போதுமானதாயிற்று. கடைசியில் 1609க்கும் 1614க்குமிடையில் சுமார் மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர்.

மனிதரைக் கப்பலேற்ற முடிந்தது. சொல்லைக் கப்பலேற்ற முடியவில்லை. அரபியைத் தடை செய்தவர்களும் தங்கள் சமையல்காரரிடம் ‘அஸூகார்’ என்றும் ‘அஸெய்தே’ என்றும்தான் கேட்க வேண்டியிருந்தது. மாற்றுச் சொல் அவர்களிடம் புழக்கத்தில் இல்லை.

இது நமக்குத் தொலைதூரக் கதையல்ல. ஐபீரியாவில் முஸ்லிமுக்கு வழங்கிய ‘மோரோ’ என்ற பெயரைத்தான் போர்த்துக்கேயர் ‘மௌரோ’ என்று இங்கே கொண்டுவந்தனர். நாம் ‘மூர்’ ஆனது அப்படித்தான். 1626இல் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை அவர்கள் வெளியேற்றியபோது, போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. வெளியேற்றப்பட்டோரில் பலரைக் கண்டி மன்னர் செனரத் கிழக்கிலே குடியேற்றினார்.

அந்தலுஸின் மக்கள் போன பின்னும் அவர்களின் அடுக்களைச் சொற்களை அகராதிகள் காத்து வைத்திருக்கின்றன. நம்மிடமோ மக்கள் இருக்கிறார்கள், சொற்கள்தாம் கழன்றுகொண்டிருக்கின்றன. கந்தூரியிலும் கலியாண வீட்டிலும் சுற்றியிருந்து உண்ணும் ‘சஹன்’ அரபியில் தட்டைக் குறிக்கும் ‘ஸஹ்ன்’ தான். உம்மம்மாமார் புழங்கும் இப்படியான சொற்களை ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைப்பது வரலாற்று வேலைதான். அதற்கு ஆவணக் காப்பகம் போகத் தேவையில்லை, குசினிக்குப் போனால் போதும்.