ஆட்டின் தோல் முகப்பட்டை

வெள்ளாடு, செம்மறி, கன்றுக்குட்டி போன்ற சிறு கால்நடைகளைப் பிடித்து நடத்தவும் கட்டிவைக்கவும் தலையில் பூட்டும் தோல் வார்க்கோப்பு முகப்பட்டை. மூக்கின் மேல் ஒரு வார், பிடரியில் ஒரு வார், இரண்டையும் இணைக்கும் கன்ன வார்கள், தாடைக்குக் கீழே பிடிகயிறு கோக்க ஒரு வளையம் ஆகியவை அதன் உறுப்புகள். மந்தையாக மேயும் ஆடுகளுக்கு இது தேவைப்படாது. வாசலில் தனியாகக் கட்டி வளர்க்கும் ஆட்டுக்கும், பொலிகிடாவுக்கும், சந்தைக்கு நடத்திச் செல்லும் கிடாவுக்கும்தான் பூட்டுவார்கள். கழுத்தில் மட்டும் கயிறு கட்டி இழுத்தால், ஆடு முரண்டு பிடிக்கப் பிடிக்கத் தொண்டை இறுகும். முகப்பட்டை அந்த இழுப்பை மூக்கெலும்பின் மேலும் பிடரியின் மேலும் ஏற்றித் தலையைத் திருப்புகிறது. தலை திரும்பிவிட்டால் ஆடு கூடவே நடக்கும்.

தக்காணத்தில் இந்த வார்வேலையின் வரலாற்றைச் சொல்ல செகந்திராபாத்தின் லாலாகுடா வட்டாரம் பொருத்தமான இடம். ஒருபுறம் 1806-இல் தோன்றிய செகந்திராபாத் படைமுகாம் நகரம். இன்னொருபுறம் நிஜாம் உத்தரவாத ரயில்வே 1893-இல் லாலாகுடாவில் அமைத்த பணிமனை. சுற்றிலும் தோலைப் பதனிட்டு வாராக்கித் தந்த தெலங்கானா கிராமங்கள். சென்னைப் படையோடும் பின்னர் ரயில்வேயோடும் தமிழர்கள் செகந்திராபாத்துக்கு வந்து குடியேறினார்கள். அவர்கள் ஊரில் கண்ட அதே தோல்வேலைதான் இங்கும் வேறு பெயர்களில் நடந்துகொண்டிருந்தது.

தெலங்கானாவில் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்கள் மாதிகா சமூகத்தினர். செத்த மாட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய் உரிப்பதில் தொடங்கி, செருப்பு, கிணற்றுச் சால், நுகத்தடி வார், கால்நடைப் பட்டை, பறையின் இனமான டப்பு வரை எல்லாம் அவர்கள் கையில் உருவானவை. பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு மயிரைச் சுரண்டுவார்கள். பிறகு பட்டைச் சாறு. அதற்கு முதன்மையான மூலப்பொருள் ஆவாரம்பட்டை. தெலுங்கில் தங்கேடு எனப்படும் இந்தச் செடியின் மஞ்சள் பூதான் பதுக்கம்மா விழாவில் அடுக்கப்படுவதும், இன்று தெலங்கானாவின் மாநில மலராக இருப்பதும். பூ கொண்டாடப்படுகிறது; அதே செடியின் பட்டையால் நாட்டுக்குத் தோல் கொடுத்தவர்கள் ஊருக்கு அப்பால் நிறுத்தப்பட்டார்கள். இந்த வரலாற்றை எழுதும் எவரும் இதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது.

கிராமப் பதனிடுதலில் ஒரு முறை தனித்துக் குறிப்பிடத்தக்கது. சுண்ணாம்பு நீக்கிய தோலைப் பை போல மூட்டித் தைத்து, கழுத்துப்பக்கம் திறந்திருக்க, மரச்சட்டத்தில் தொங்கவிடுவார்கள். உள்ளே இடித்த பட்டையும் தண்ணீரும் நிரப்பப்படும். சாறு தோலின் நுண்துளைகள் வழியே கசிந்து சொட்டும். கீழே பிடித்த சாற்றை எடுத்து மறுபடி மேலே ஊற்றுவார்கள். சில நாட்களில் பையைத் தலைகீழாக்கி மறுபாதியையும் ஊறவைப்பார்கள். தொட்டி நிறையச் சாறு காய்ச்ச வசதியில்லாத இடத்தில், தோலே தொட்டியாகிவிடும் இந்த ஏற்பாடு அசலான தொழில்நுட்ப அறிவு.

இந்த உழைப்புக்குக் குடியானவர்கள் அறுவடையில் தானியம் அளந்தார்கள். நிலக்கிழார்கள் அதையும் தரவில்லை. நிஜாம் ஆட்சியில் நிலவிய வெட்டி என்னும் கட்டாய ஊழியத்தின் கீழ், செருப்பும் கிணற்றுச் சாலும் உழவுமாட்டு வார்களும் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று தோல் தொழிலாளர்கள் வற்புறுத்தப்பட்டதை, தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான பி. சுந்தரய்யா தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். 1946 முதல் 1951 வரை நடந்த அந்தப் போராட்டத்தின் முதன்மையான முழக்கங்களில் வெட்டி ஒழிப்பும் ஒன்று.

படைமுகாம் வேறொரு மரபைக் கொண்டுவந்தது. குதிரைப்படைக்குச் சேணமும் தலைக்கோப்பும் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. 1860-களில் கான்பூரில் அரசு சேணத் தொழிற்சாலை எழுந்தது. ஆட்டு முகப்பட்டையில் இன்று நாம் காணும் பித்தளை வளையம், கொக்கி, ஒரே அளவில் இட்ட துளைகள் எல்லாம் குதிரை லாயத்து முகப்பட்டையின் அமைப்பைச் சிறிதாக்கியவை. தெற்கில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னையிலிருந்து கப்பலேறியது. முதல் உலகப்போரில் படைவீரர்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு அதை வாங்கிக் குவித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலைப் புகுத்தினார். அது விரைவானது, நீரைத் தாங்கியதால் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் சாலுக்கும் உதவியது. ஆனால் மெல்லிய குரோம் தோல் இழுத்தால் நீளும். வார்வேலைக்குப் பட்டைச் சாற்றில் பதனிட்ட விறைப்பான தோலே இன்றுவரை மேல்.

செய்முறையில் முதல் கவனம் தோலின் எந்தப் பகுதியை வெட்டுவது என்பதில் இருக்க வேண்டும். வயிற்றுத் தோல் நெகிழும். ஆகவே முதுகெலும்பை ஒட்டி, தலையிலிருந்து வால்வரை ஓடும் திசையிலேயே வாரை அறுக்க வேண்டும். தெலுங்கு வட்டாரத் தொழிலாளி இதற்கு ரம்பெ என்னும் அகன்ற கத்தியையும், துளையிட ஆரெ என்னும் குத்தூசியையும் பயன்படுத்துவார். வெள்ளாட்டுக்கு அரை முதல் முக்கால் அங்குல அகலம், சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். மாட்டுத் தோலோ எருமைத் தோலோதான் வாருக்கு ஆகும். ஆட்டுத் தோல் டப்புக்கு நாதம் தரும், இழுப்பைத் தாங்காது. அறுத்த விளிம்பைச் சாய்வாகச் சீவி, ஈரம் தொட்டுக் கட்டையால் தேய்த்தால் விளிம்பு மழமழப்பாகி ஆட்டின் கன்னத்தை உரசாது. இரும்பு வளையம் போட்டால், பட்டைச் சாறேறிய தோல் இரும்போடு வினைபுரிந்து கறுத்துவிடும். அதனால்தான் பித்தளை.

தையலில்தான் கைவேலையின் உயர்வு தெரியும். மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் இரு ஊசிகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கமிருந்து நுழைந்து கடக்கும். ஒரு பக்க இழை அறுந்தாலும் மறுபக்க இழை பிடித்துக்கொள்ளும். எந்திரத் தையலில் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையே பிரிந்து வரக்கூடும்.

அளவு தவறினால் மற்ற எல்லாம் வீண். மூக்கு வார் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே, கெட்டியான எலும்பின் மேல் அமர வேண்டும். கீழே இறங்கிக் குருத்தெலும்பில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். வாருக்கும் முகத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்; அசைபோடத் தாடை தாராளமாக அசைய வேண்டும். கொம்புள்ள ஆட்டுக்குப் பிடரி வார் முழுவதுமாகத் திறக்கும்படி கொக்கி வைப்பது கட்டாயம். மேயவிடும்போது கழற்றிவிட வேண்டும். முள்ளிலோ கிளையிலோ மாட்டினால் உயிருக்கே ஆபத்து. பக்கத்தில் கட்டிய ஆடு வாரை மென்று தீர்த்துவிடும் என்பதையும் வளர்ப்பவர்கள் அறிவார்கள்.

சரிவுக்குக் காரணம் ஆடு குறைந்தது அல்ல. 2017-இல் தெலங்கானா அரசு ஆடு வளர்க்கும் சமூகங்களான கொல்லா, குருமா குடும்பங்களுக்கு இருபது பெட்டைக்கு ஒரு கிடா வீதம் 75 விழுக்காடு மானியத்தில் செம்மறிகளை வழங்கியது. போனாலு, பக்ரீத் பண்டிகைக் காலங்களில் செகந்திராபாத் குடியிருப்புகளின் வாசல்தோறும் கிடா நிற்கும். மறைந்தது தோல்காரரின் வருமானம். மின்மோட்டார் வந்ததும் கிணற்றுச் சால் போயிற்று. டிராக்டரோடு நுக வார் போயிற்று. இந்தப் பெரிய வேலைகளின் ஓரத்துண்டில் பிறந்தது ஆட்டின் பட்டை. அவை நின்றபின் இதற்காக மட்டும் யாரும் தோல் ஊறவைக்கவில்லை. அந்த இடத்தை நைலான் கயிறும் நாடாவும் பிடித்துக்கொண்டன. மலிவு, மழையில் அழுகாது. ஆனால் இழுக்கும்போது சதையை அறுக்கும். எங்காவது சிக்கினால் எளிதில் அறுந்து விடுவிக்காது.

ஆவாரம்பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது பதனிடும் தொழில் வாட்டில் மரத்தின் பட்டைக்கு மாறியது. அதை உள்நாட்டிலேயே கிடைக்கச் செய்ய, சென்னையில் 1948-இல் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் அதை வழிநடத்திய ஒய். நாயுடம்மாவும் உழைத்தார்கள். கிழக்கிந்தியத் தோலுக்கும் கான்பூர்ச் சேணவேலைக்கும் இன்று புவிசார் குறியீடு உண்டு. தெலங்கானாக் கிராமத்து வாருக்கு அப்படி எதுவும் இல்லை. கச்சிபௌலியை ஒட்டிய ராயதுர்கத்தில் காலணி வடிவமைப்புப் பயிலகம் இயங்கும், செகந்திராபாத்தை ஒட்டிய ஐதராபாத்தில், பையாகத் தைத்துப் பதனிடும் முறையையும் கால்நடை வார்களின் அளவுகளையும் தெரிந்த முதியவர்களிடமிருந்து, அவர்கள் பெயரைக் குறிப்பிட்டு, கூலி கொடுத்துப் பதிவு செய்வது உடனே தொடங்கப்பட வேண்டிய வேலை.